பார்லர் அக்காவின் இடது கண்

கண்ணை மூடிக்கொண்டு கேட்ட புதுப்பட்டினம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. துணிக்கடை மாடியில் இருந்த அந்த அறையில் மல்லாந்து படுத்திருந்தேன். மீன்காரம்மாவின் குரல், பாங்கொலி, கல்பாக்கம் பேருந்தின் ஹாரன், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. என் முகத்துக்கு மேலே பார்லர் அக்காவின் மூச்சு. செயற்கை முடிகளை ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து, பசையில் தொட்டு, என் இமைமுடிகளின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரம் ஆனது. எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது, வேறு யாருடைய தூக்கத்திலிருந்தோ நான் விழித்துக்கொண்டது போலிருந்தது.

அது இரண்டாயிரங்களின் பிற்பகுதி. அணுபுரம் குடியிருப்பில் கணவர் வேலைக்குப் போன பிறகு, பகல் முழுக்க எனக்கு வெறும் வீடு. அக்கா அதுவரை புருவம் திருத்திக்கொண்டிருந்தவர். மாமல்லபுரத்தில் சில மாதங்கள் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்ணொருத்தி இந்த வேலையை அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் படுத்தேன். அடுத்த ஆண்டே பக்கத்துக் கட்டிலில் நானும் வேலை செய்தேன்.

கண்ணை மூடிப் படுத்தவர்கள் எதையெதையோ பேசுவார்கள். விழித்திருக்கும்போது யாரிடமும் சொல்லாததைக் கூரையிடம் சொல்வதுபோல் சொல்வார்கள். ஒருநாள் ஒரு பெண் பாதியிலேயே விசும்பத் தொடங்கினாள். அக்கா இடுக்கியைக் கீழே வைத்தார்.

"அழுவுறதுன்னா இப்பவே அழுதுடும்மா. பசை மேல தண்ணி படக் கூடாது. நான் குந்திக்கினுதான் கீறேன், அவசரம் ஒண்ணும் இல்ல."

திருக்கழுக்குன்றத்துப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு இமைமுடி வைத்தோம். புதிதாக வந்திருந்த பசை. மறுநாள் காலையில் தொலைபேசி வந்தது. கண்ணிரண்டும் வீங்கி, திறக்கவே முடியவில்லையாம். அக்கா பையை எடுத்துக்கொண்டு பேருந்தேறினார். நானும் போனேன். கூடம் நிறைய உறவினர்கள்.

"கண்ணு போயிருந்தா இன்னா பண்ணுவ?" என்றார் பெண்ணின் தாய்.

"என் தப்புதாம்மா. முதல்ல இத்த எடுத்துடறேன். அப்புறம் கண் டாக்டராண்ட நானே கூட்டிக்கினு போறேன்."

ஒன்றரை மணி நேரம் குனிந்தபடி ஒவ்வொரு முடியாக எடுத்தார். மருத்துவர் பார்வைக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிவந்த கண்களோடு, மை கூடத் தீட்டாமல் அந்தப் பெண் மணவறையில் உட்கார்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பல மாதங்கள் அக்கா அந்த இடுக்கியைத் தொடவில்லை. மறுபடி தொடங்கியபோது புதிய பசை எது வந்தாலும் முதலில் தன் இடது கண்ணில் ஐந்து முடி ஒட்டிக்கொள்வார். இரண்டு நாள் பொறுப்பார். பிறகு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு முடி வைத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார். "ஒரு முடிக்கு ரெண்டு வாட்டி நடக்கணுமா?" என்று கேட்டுப் போன பாதிப்பேர் திரும்பி வரவே இல்லை. ஒரு கண் மட்டும் கனவு காண்பதுபோன்ற அந்த முகத்தோடுதான் அவர் கடைத்தெருவில் நடந்தார். சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளிரூட்டிய அறைகளில் ஒரு மணி நேரத்தில் முடித்து அனுப்புகிறார்கள். என்னிடம் வருபவர்களை நான் இன்னும் இரண்டு நாள் காக்க வைக்கிறேன். காரணம் கேட்டால் ஒரு மத்தியானத்தைத்தான் சொல்வேன்.

அந்தக் கல்யாணம் முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்து, ஒரு மத்தியானம், தன் தங்கையின் கல்யாணத்துக்காக அந்தத் திருக்கழுக்குன்றத்துப் பெண்ணே படியேறி வந்தாள். அக்கா எழுந்து நின்றுவிட்டார். அவள் அக்காவின் இடது கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்களுக்குப் போட்டு எத்தினி நாளாச்சுக்கா?"

"மூணு."

"அப்ப எனக்கு ஒண்ணு வெச்சு விடுங்க. நாளன்னிக்கு வர்றேன்."

சொன்னபடியே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தாள். பத்தாவது முடி வைப்பதற்குள் தூங்கிப்போனாள். பாடிக்கொண்டிருந்த வானொலியை நிறுத்தும்படி அக்கா எனக்குக் கையால் சைகை காட்டினார்.