முடிச்சுக்குள் சூசையப்பர்

என் தம்பி கோவர்ட்டை டெல்ஃப்ட் நகரத்தில் 'மூச்சடக்கி' என்றால்தான் தெரியும். செபமாலையில் தொங்கவிடும் மரக்கொட்டை செதுக்குகிறவன். எலுமிச்சை அளவுகூட இருக்காது. இரண்டாகத் திறந்தால் உள்ளே மாட்டுத்தொழுவம், மாதா, இடையர்கள், அவர்கள் நாய் எல்லாம் நிற்கும். செதுக்கும்போது மூச்சுவிட மாட்டான். விட்டால் இடையரில் ஒருவர் பறந்துவிடுவார். ஒருமுறை தும்மி, மூன்று ராஜாக்களில் ஒருவரைத் தொலைத்தான். நானும் அவனோடு தரையில் தவழ்ந்து தேடினேன். அகப்பட்டது பாலாடைக்கட்டித் துணுக்கு.

நாற்பது வயதில் இவனுக்கு ரொட்டிக்கடை விதவை ஹிஸ்கே மேல் ஆசை வந்தது. வடக்கே ஃபிரீஸ்லாந்துக்காரி. அவள் சிரித்தால் கால்வாய் வாத்தெல்லாம் திரும்பிப் பார்க்கும். இவனுக்கோ கேட்க வாய் வரவில்லை.

"கொட்டையத் திறந்து பாத்தா அவளுக்கே புரியும்க்கா" என்று ஒரு வருடம் குனிந்து கிடந்தான். மற்றச் சிற்பிகள் மாதாவின் கணவர் சூசையப்பரைத் தொழுவ மூலையில் தூங்க வைப்பார்கள். இவனுடைய சூசையப்பர் அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கஞ்சி கிளறினார். தானும் அப்படி இருப்பானாம். வாயால் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சல்.

ஒரு காலையில் கொட்டையைக் கைக்குட்டையில் தளர முடிந்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய் நீட்டினான்.

முடிச்சைப் பார்த்ததும் ஹிஸ்கே காதுவரை சிவந்தாள். இரண்டு முனையையும் பிடித்துச் சடக்கென்று இறுக்கினாள்.

"ஐயையோ, ஏங்க இறுக்குறீங்க?" என்று அலறினான் கோவர்ட். "அவுத்து விடுங்க!"

"அவுக்கவா சொல்றீங்க?"

"ஆமா, அவுத்துத் துணியத் தூக்கி எறிங்க!"

அவள் கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "உங்க தம்பிக்குக் கிறுக்காக்கா? எங்க ஊர்ல துணியில முடிஞ்சு நீட்டினா, என்னைக் கட்டிக்கிறியான்னு அர்த்தம். இறுக்கினா சம்மதம். அவுத்தா, போடான்னு அர்த்தம். கேட்டதும் இவரு, அவுக்கச் சொல்றதும் இவரா?"

கோவர்ட் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டான். மேசை மாவு எங்கள் மூவர் முகத்திலும் அப்பியது. பாய்ந்து, முடிச்சு இன்னும் இறுகட்டும் என்று ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தான். மறுமுனையை அவள் இழுத்தாள். அடுப்பில் ரொட்டி கருகியது; சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

"சரி, உள்ள என்ன?" என்றாள் ஹிஸ்கே.

"சூசையப்பர். ஒரு வருஷ வேலைங்க."

"பாக்கணுமே."

"வேணாம், வேணாம்! அவுத்தா போச்சு!"

அவள் ரொட்டிக் கத்தியை எடுத்து முடிச்சுக்குக் கீழே துணியை வெட்டினாள். கொட்டை மாவில் உருண்டது. என் தம்பி அதைத் திறந்து, மூச்சடக்கி நீட்டினான்.

அவள் பார்க்கவே இல்லை. முடிச்சைச் சட்டைக்குள், மார்போடு செருகிக்கொண்டிருந்தாள்.

"அதை அக்கா பாக்கட்டும்," என்றாள். "நான் வாங்கினது இதைத்தான்."