ஓட்டை மாட்டின் சாறு

சித்தாண்டிக் கனகசிங்கத்துக்கு அந்த மாட்டைக் கண்டால் இன்னமும் தலை சுற்றும். வந்தாறுமூலைப் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையொன்றில் மாடு பார்க்கிற வேலை அவருக்கு. அங்கே ஒரு செவலைப் பசுவின் இடது விலாவுக்குப் பின்னால் ஓட்டை போட்டு, றப்பர் மூடி பொருத்தியிருக்கிறார்கள். டொக்டர் சுலோஜனா மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, மென்ற புல்லை அள்ளி எடுப்பார். எந்தத் தீனி எப்படிச் செரிக்கிறது என்று பார்க்கவாம். மாடோ அதுபாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டு நிற்கும்.

"நோகாதா டொக்டர்?"

"விறைக்கப்பண்ணித்தான் வெட்டின. புண் ஆறிட்டு, இப்ப நோகாது."

மனுசனுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை.

ஆவணியில் முருகன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லை அவர் வீட்டு மாடு வயிறுமுட்டத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டது. அது மனைவி கண்ணகையின் சீதன மாடு. வருசா வருசம் தீர்த்தத்தன்று அபிஷேகத்துக்கு அதன் பால்தான் போகும். இப்போது அசைபோடாமல் கண் செருகிக் கிடந்தது.

சும்மா சொல்லக்கூடாது, சுலோஜனா உடனே வந்து வயிற்றைக் கழுவினார். "செரிக்க வைக்கிற கிருமியெல்லாம் செத்துட்டு. பண்ணை மாட்டுட வயித்துச் சாறைப் பருக்கினாத்தான் எழும்பும். பருக்கவா?"

கனகசிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு மாடு மென்றது எச்சில் அல்லவா? எச்சில் குடித்த மாட்டின் பாலைச் சாமிக்கு வைக்கலாமா? கண்ணகையைக் கேட்கலாமென்றால், கோயிலில் நின்றவள் போனை எடுக்கவில்லை. கேட்காமல் செய்தால் பாவம், செய்யாவிட்டால் மாடு செத்துப்போகும்.

"பருக்குங்க," என்றார்.

மறுநாள் மாடு எழும்பி அசைபோட்டது. கண்ணகை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தீர்த்தத்தன்று விடிய, முழுகிவிட்டுச் செம்போடு கறக்கப் போனவளை மறித்து, மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அப்ப இது எச்சில் பாலா?"

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல புள்ள."

"இத ஏன் என்னட்டச் சொன்னீங்க? சொல்லாட்டி நான் கறந்து கொண்டு போயிருப்பன்."

சாறு பருக்கியது பிழையா, சொன்னது பிழையா? மனுசனுக்குப் பிடிபடவில்லை. கண்ணகை கன்றை அவிழ்த்துவிட்டாள். அது ஓடிப்போய் மடியை முட்டியது. அவள் வெறும் செம்பை அவர் கையில் வைத்தாள்.

"கடையில பாக்கெட் பால் வாங்கி இதுக்குள்ள ஊத்தி வாங்க. அந்த மாடுகள் என்னத்தக் குடிச்சதெண்டு எங்களுக்குத் தெரியாதுதானே."