அம்பிட்டிய ஏற்றத்தில் பின்பக்கமாக வந்த மாப்பிள்ளை

கார் வாங்குகிறவன் முதலில் எஞ்சினைப் பார்ப்பான். புத்தி இருந்தால் டயரையும் பார்ப்பான். நான் ஹாரனைப் பார்த்தேன். ரப்பர் உருண்டையை அமுக்கினால் எருமைக் கன்று தாயைத் தேடுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதோடு என் மனசு விழுந்துவிட்டது. மீதிக் கார் அந்த ஹாரனோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

விற்றவர் யாழ்ப்பாணத்து மனிதர். கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர், மாற்றம் கிடைத்து ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. பொய் சொல்லத் தெரியாத முகம். ஆனால் உண்மையைச் சின்னக் குரலில் சொல்லத் தெரிந்தவர்.

"நல்ல வாகனம் தம்பி. எனக்கு ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை."

"எல்லா எடத்துக்கும் போகுமா ஐயா?"

"ஓம், ஓம், எல்லா இடமும் போகும். ஏத்தம் எண்டால் மட்டும் கொஞ்சம் யோசிக்கும்."

நான் தலையை ஆட்டினேன். யோசிக்கிறது நல்ல குணம்தானே, என்னிடம் இல்லாத குணம் என் காரிடமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். கண்டியில் இருந்துகொண்டு ஏற்றத்தில் மட்டும் யோசிக்கும் காரை வாங்குவது, தண்ணீரில் மட்டும் மூழ்கும் தோணியை வாங்குவது மாதிரி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. எங்கள் ஊரில் ஏற்றம் இல்லாத ரோடு குளத்தைச் சுற்றிப் போகிற ரோடு ஒன்றுதான்.

விஷயம் இதுதான். அந்தக் காரில் பெட்ரோல் தாங்கி ஓட்டுகிறவனின் ஆசனத்துக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் நான் எழுந்து நின்று, ஆசனத்தைத் தூக்கி, புனலை வைத்து ஊற்ற வேண்டும். தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தானாக வழிந்து போகும். சம ரோட்டில் சரி. ஏற்றத்தில் எஞ்சின் மேலே போய்விடும், தாங்கி கீழே வந்துவிடும். தாங்கி நிறைய இருந்தால் எப்படியோ சமாளிக்கும். குறைந்திருந்தால் ஒரு சொட்டும் மேலே ஏறாது. கார் இருமும், தும்மும், நிற்கும்.

அதற்கும் ஒரு வழி இருந்தது. காரைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றுவது. அப்போது தாங்கி மேலே, எஞ்சின் கீழே. ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும். நான் வத்தேகமச் சந்தைக்கு, இடுப்பில் கட்டுகிற சாரம் விற்கப் போகிறவன். அந்தப் பக்கத்து ஏற்றங்களை எல்லாம் இப்படித்தான் ஏறினேன். அங்கே பாதிப் பேருக்கு என்னை முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

இந்தக் காரை நம்பித்தான் எனக்குப் பெண் கொடுக்க ஒருவர் முன்வந்தார். அம்பிட்டிய ஏற்றத்தின் உச்சியில் வீடு. மிளகு, பாக்கு, ஏலக்காய் வியாபாரம். துருக்கித் தொப்பியைக் கழற்றி நான் கண்டதில்லை. தூங்கும்போதும் போட்டிருப்பார் என்று கேள்வி. என் சாரக்கடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் படிப்பைப் பற்றிக் கேட்டார். ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு நின்றுவிட்டது என்றேன். சிரிக்கவில்லை. கடைசியில் காருக்கு வந்தார்.

"கார் வச்சீக்கிற மாப்புள எண்டு ஊரெல்லாம் செல்லிட்டன் தம்பி. எனக்கு வேற ஒண்டும் தேவல்ல. கலியாணத்தண்டைக்கு அந்தக் கார்லயே வந்து வாசல்ல எறங்கோணும்."

"எறங்குவன் மாமா."

"உங்கட கார ஆக்கள் தள்ளிட்டுப் போறத டவுன்ல ரெண்டு மூணு பேர் கண்டீக்கிறாங்க. தள்ளிட்டு வந்தீங்க எண்டா, தள்ளின ஆக்களோடயே திரும்பிப் போகோணும். வெளங்கிச்சா?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. அந்தப் பெண்ணை ஒருமுறைதான் பார்த்திருந்தேன், அதுவும் திரைக்கு இந்தப் பக்கம் தவறி வந்த அரை முகம். அந்த அரை முகத்துக்காக நான் அந்த ஏற்றத்தைத் தலைகீழாக நடந்தும் ஏறியிருப்பேன். ஆனால் அவர் கேட்டது கார்.

கலியாணத்தன்று காலையிலேயே தாங்கியை விளிம்பு வரை நிரப்பினேன். முன்பக்கமாகவே ஏறி, ஹாரனை அடித்துக்கொண்டு வாசலில் போய் நிற்பது என்று திட்டம். அதோடு சும்மா இருந்திருக்கலாம். நீளக் கோட்டும் தலைப்பாகையும் மாலையும் போட்டவனுக்குச் சும்மா இருக்க வருமா? என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற மாமி மக்கள், சாச்சி மக்கள் எல்லாரும் வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நானா, கொளத்தச் சுத்தி ஒரு ரவுண்டு!"

ஒரு ரவுண்டு போனோம். ஏறாதவர்கள் கோபித்தார்கள். அவர்களுக்கு ஒரு ரவுண்டு. பிறகு ஏறினவர்களே மறுபடி ஏறினார்கள். நானும் மாலையோடு குளத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் பெட்ரோல் என்று ஒரு பொருள் இருப்பதே மறந்துபோயிற்று.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். மாப்பிள்ளை தானே காரை ஓட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. இந்தக் காரை என்னைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஓட்ட யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் கூட்டாளி ஒருவன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்கள் நடந்து வந்தார்கள்.

ஏற்றத்தின் முதல் வளைவிலேயே கார் இருமியது. இரண்டாவது இருமலில் கூட்டாளி என் முகத்தைப் பார்த்தான்.

"மச்சான், பெட்ரோல் ஈக்கா?"

"ஈக்கி, கொளத்தச் சுத்தி."

"தள்ளவா?"

"தொட்டா கைய ஒடப்பன்! தள்ளினா கலியாணம் இல்ல."

பெட்ரோல் வாங்க மறுபடி டவுனுக்குப் போனால் பொழுது போய்விடும். வேறு வழி இல்லை. காரைத் திருப்பினேன். கூட்டாளி இறங்கி முன்னால், அதாவது பின்னால், நடந்து வழி காட்டினான். நான் கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி ஓட்டினேன். தலைப்பாகை ஒரு கண்ணை மூடிவிட்டது. மாலை ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்டு, திருப்பத்துக்கு ஒரு பூவாக உதிர்ந்தது. ஆனால் கார் ஏறியது. ஒருவரும் தொடாமல், ஒரு தும்மலும் இல்லாமல் வாசல் வரை ஏறியது. கூட்டாளி முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லைப் போட்டான். என் பிரேக்கை விட அந்தக் கல்லில்தான் எங்களுக்கு நம்பிக்கை.

நான் ஹாரனை அமுக்கினேன். யாரும் வரவேற்க முன்னால் வரவில்லை.

மாமா வாசலில் நின்றார். காரின் பின்பக்கம் அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, முன்பக்கம் டவுனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"வந்துட்டன் மாமா. ஒத்தரும் தள்ளல்ல."

"நான் வரச் சென்ன. இது போற கார்."

"இல்ல மாமா, இது வார கார்."

"எந்தப் பக்கம் மூஞ்சி ஈக்கோ அந்தப் பக்கம்தானே போகும்? மூஞ்சி டவுனுக்கு. எங்கட ஊட்டுக்கு முதுகக் காட்டிட்டு வந்தீக்கிறீங்க. முதுகக் காட்டினவனுக்குப் புள்ளயக் குடுக்கிறதா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வந்தது வந்ததுதான் என்றது ஒரு பக்கம். வாசலுக்கு முதுகு காட்டினால் அது விடைபெறுவது என்றது மறுபக்கம். நிக்காஹ் செய்துவைக்க வந்த லெப்பையிடம் கேட்டார்கள். அவர் தாடியைத் தடவினார்.

"ஒட்டகம் பின்னால நடந்து வந்த எண்டு எந்தக் கிதாபுலயும் நான் ஓதல்ல."

அது யாருக்குச் சாதகம் என்று ஒருவருக்கும் புரியவில்லை. உள்ளே நெய்ச்சோற்று வாசம் வந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் பெண்கள் குசுகுசுத்தார்கள்.

கடைசியில் மாமா, "நவுருங்க, நானே குந்திப் பாக்கிறன்," என்று சொல்லி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவனுக்கு முன்னால் எது தெரிகிறதோ அதுதான் அந்தக் கார் போகிற திசை. அதைக் காட்டி என் வாயை அடைக்க நினைத்தார்.

"இங்க பாருங்க. என்ன தெரியிது? டவுன் தெரியிதா, ஊடு தெரியிதா?"

அந்த நேரம் வாசலிலிருந்து கார் வரை வெள்ளைத் துணி விரிக்க வந்த ஆள், சக்கரத்துக்கு முன்னால் கிடந்த கல்லைக் கண்டார். மாப்பிள்ளையின் காலில் தட்டுமே என்று அக்கறைப்பட்டார். எடுத்து வேலிக்குள் எறிந்தார்.

"டவுன் தெரியிது மாமா," என்றேன். டவுன் கிட்ட வந்துகொண்டிருந்தது.

மூன்று மிதிகளில் எது பிரேக் என்று எனக்கு நன்றாகத் தெரியும், கார் நிற்கும்போது. அன்றைக்கு நீளக் கோட்டு மூன்றையும் மூடிவிட்டது. எதை மிதித்தாலும் கோட்டைத்தான் மிதித்தேன். மாமா இரண்டு கையாலும் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்லத் தொடங்கினார். முதல் வளைவில் தொப்பி பறந்தது. அவருக்கு வழுக்கை என்று அம்பிட்டிய முழுக்க அன்றுதான் தெரிந்தது. தோட்டத்தில் வேலை முடிந்து ரோட்டோரம் வந்துகொண்டிருந்த பெண்கள் கூடையோடு விலகினார்கள். அவர்களில் ஒருத்தி சத்தம் போட்டாள்.

"ஏய் மாப்பிள்ள! பொண்ண விட்டுட்டு மாமனாரையா தூக்கிட்டுப் போறீங்க?"

அடிவாரத்தில் ரோடு சமமானது. ஓரத்துப் புல்மேட்டில் முன் மட்காட் மோதி, நசுங்கி, கார் நின்றது. மாமா தலையைத் தடவினார். தொப்பி இல்லை என்று கை சொல்லியது.

"காயம் ஈக்கா மாமா?"

"பேசாத."

மேலே பார்த்தோம். உச்சியில் கலியாணக் கூட்டம் முழுக்க வரிசையாக நின்று எட்டிப் பார்த்தது. மாமா அந்த ஏற்றத்தைப் பார்த்தார், தன் புதுச் செருப்பைப் பார்த்தார், திரும்ப ஏற்றத்தைப் பார்த்தார்.

"இவ்ளவு ஆக்கள் பாக்க, தொப்பியும் இல்லாம, நான் நடந்து போறதா? எண்ட மகள்ட கலியாணத்துல?"

நான் பேசவில்லை. பேசாதே என்றிருந்தார்.

"கேக்கிறன்ல? இது ஏறுமா?"

"ஏறும் மாமா. ஆனா…"

"என்ன ஆனா?"

"மூஞ்சி டவுனுக்குத்தான் ஈக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கலியாணம் ஒருமுறை முறிந்து, மறுபடி ஒட்டியது. என் மாலையின் நாரைப் பார்த்தார், நசுங்கிய மட்காட்டைப் பார்த்தார்.

"சரி. எடுங்க," என்றார்.

நான் இறங்கி, கோட்டின் வாலை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் எஞ்சினைக் கிளப்புகிற கம்பியைச் சுற்றினேன். எஞ்சின் பிடித்தது. பின்பக்கமாக எடுத்தேன். பத்தடி போவதற்குள் வேலியில் உரசினேன்.

"கழுத்து சுளுக்கின கோழி மாதிரி ஓட்டுறீங்களே தம்பி! நீங்க முன்னால பாத்து மிதிங்க. நான் வழி செல்றன்."

சொல்லிவிட்டுப் பின் ஆசனத்துக்குத் தாவினார். அதில் முழங்காலை ஊன்றி, மடித்து வைத்திருந்த துணி ஹூட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்தபடி நின்றார். "சோத்தாங்கைக்கு! இன்னும் சோத்தாங்கைக்கு! மெதுவா… மாடு ஈக்கி, மாடு! ஹாரன அடிங்க!" நான் அடித்தேன். மாடு விலகியது. இரண்டாம் வளைவுக்குப் பிறகு அவர் குரலில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் முதுகுக்குத் தெரிந்தது. "ஏறுதே! எப்புடி ஏறுது பாருங்க!"

வாசலை நெருங்கும்போது கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. லெப்பைதான் துணிந்து கேட்டார்.

"இப்ப நீங்க வாறீங்களா, போறீங்களா?"

"வாற!" என்று மாமா பின் ஆசனத்திலிருந்து கத்தினார். "கண்ணு தெரியல்லியா? எண்ட ஊட்டுக்கு நான் வாற! எல்லாரும் உள்ள போங்க, சோறு ஆறுது!"

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு வீட்டில் அதைத் தினமும் கேட்டேன்.

யாரோ ஒரு தொப்பி கொடுத்தார்கள். மாமாவின் தலைக்கு அது பெரிது, காது வரை இறங்கியது. பாயில் எதிரெதிராக உட்கார்ந்தோம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் மகளைக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மாமா என் கையைப் பிடித்தார். இறக்கத்தில் ஆசனத்தைப் பிடித்த அதே பிடி, இன்னும் தளரவில்லை. லெப்பை சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். என் விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துப்போயின. நான் ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், "மாமா, கை" என்றேன்.

"மொதல்ல ஒப்புக்கொள்ளுங்க," என்றார்.