தாழ்ப்பாள் அக்கா

"நான் யாரு? ஊர் பேர் தெரியாத ஆளு. எனக்குக் காட்டாதே, சொல்லிட்டேன்."

தரைத்தளப் படிப்பறையில், வருவோர் போவோருக்கென்று வைத்திருக்கும் கணினியின் முன் நின்றபடி அதனிடமே இதைச் சொல்கிறார் தாழ்ப்பாள் அக்கா. உட்காருவதில்லை. மேல்மாடியில் தன் கையாலேயே பூட்டிவிட்டு வந்த மின்கோப்பை, இங்கே வெளியாள்போல் திறக்கப் பார்க்கிறார். பெயரைப் போட்டுத் தேடுகிறார். தலைப்பைப் போட்டுத் தேடுகிறார். பழைய இணைப்பு வழியாக நுழைந்து பார்க்கிறார். திரை மறுக்கிறது. "ம்" என்கிறார். பிறகு பக்கத்துக் கணினிக்குப் போய் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒரே ஒரு கணினியின் பேச்சை நம்பி அவர் மாடியேறியதே கிடையாதாம்.

பல்கலைக்கழக மின்நூலகத்தில் எதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை எழுதி வைப்பது இவர் வேலை. ஆய்வேடு, நிழற்படம், ஒலிப்பதிவு எதுவானாலும் இவர் கையைத் தாண்டித்தான் இணையத்துக்குப் போகும். தாழ்ப்பாள் அக்கா என்பது சக ஊழியர்கள் வைத்த பெயர். அது அவருக்குத் தெரியும். முதலில் வைத்தது யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் மேசை வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. கணினியின் கேமராக் கண்ணில் மருந்துக்கடைப் பிளாஸ்திரி. யார் உள்ளே நுழைந்தாலும் திரைமேல் ஒரு துண்டு விழும். தேநீர் கொண்டு வருபவருக்கும் அதே மரியாதைதான்.

"இன்னிக்கு டீ நல்லா இருக்கே. ஏன்?"

"ஏன்னா என்னக்கா சொல்றது? நல்லா இருந்தா குடிங்க."

பாதிதான் குடித்தார்.

பூட்டுவதைவிடப் பூட்டுக்கு மேல் எழுதுவதில்தான் அவர் நேரமெல்லாம் போகிறது. 'அனுமதி இல்லை' என்று மொட்டையாக எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "அப்படி எழுதினா உள்ள புதையல் இருக்குன்னு நினைப்பான். ஏன் மூடியிருக்கு, எதுவரைக்கும், யாரைக் கேக்கணும், எல்லாம் சொல்லிடணும். உள்ள இருக்கறதை மட்டும் சொல்லிடக் கூடாது." ஒருமுறை ஓர் இளைய ஊழியர், 'அரிய செடி வளரும் மேற்குச் சரிவு தெரிந்துவிடும் என்பதால் இவ்வரைபடம் மூடப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டார். அதை அறை முழுவதும் கேட்கும்படி இவர் வாசித்தார். "எந்தச் சரிவுன்னும் சொல்லிட்டே. போற பஸ் நம்பரையும் போட்டுடேன், புண்ணியமாப் போகும்."

இவர் எதிரே நான் போய் உட்கார்ந்தது அப்பாவுக்காக. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்பவர்களின் குரல்களை மின்நூலகம் தொகுத்தபோது அவரும் பேசினார். அவர் இறந்த பிறகு, வேலைக்குப் போகும் பேருந்தில் அதைக் கேட்டுக்கொண்டே போவேன். "லிஃப்டுக்கு மரியாதை குடு. ஆனா நம்பிடாதே. ஒத்தக் காலை உள்ள வச்சு ரெண்டு தடவை அழுத்து. முனகுதான்னு கேளு. அப்புறம் மத்த காலைக் கொண்டு போ" என்பார். பிறகு இருமுவார். அந்த இருமலுக்காகவே பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்பேன். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் அப்பா பெயருக்குப் பின் பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, அப்புறம் வெற்றிடம். தரவுகளோடு பிழைக்கிறவள் நான். காலியிடம் கண்ணை உறுத்தும். இறந்த ஆண்டைச் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் ஆண்டு சேர்ந்திருந்தது. குரலைக் காணோம்.

'பேசியவர் காலமாகிவிட்டார். அவர் அளித்த ஒப்புதல் அவர் ஆயுள்வரைக்குமானது. வாரிசுகள் அனைவரும் ஒப்பும்வரை இவ்வொலிப்பதிவு மூடப்பட்டிருக்கும். ஒப்புதல் தர விரும்பும் குடும்பத்தார் எங்களை அணுகலாம்.'

பிழையில்லாத குறிப்பு. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு ஒழுங்காக எழுதியவர் எதையோ மறைக்கிறார் என்று பட்டது.

நான் நீட்டிய இறப்புச் சான்றிதழை இவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அவர் இல்லைன்னு இது சொல்லுது. நீங்க அவர் பொண்ணுன்னு எது சொல்லுது?"

அதையும் கொடுத்தேன்.

"கூடப் பிறந்தவங்க?"

"அம்மா முன்னாடியே போயிட்டாங்க. ஒரு அண்ணன் மட்டும். வேற ஊர்ல."

"ஒத்துக்கிட்டாரா?"

ஒத்துக்கொள்ளவில்லை. முந்தின நாள் தொலைபேசியில் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "அப்பா அதுல என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கார்?" ஒன்றுமே சொல்லவில்லை, எல்லாம் லிஃப்ட் கதைதான் என்றேன். "ஒண்ணுமே இல்லாததுக்கா நீ இப்படிப் பறக்கறே? எதையோ மறைக்கறே" என்று வைத்துவிட்டான்.

"யோசிக்கறான்" என்றேன் இவரிடம்.

"யோசிக்கட்டும். ஒரு புள்ள வந்து திறங்கன்னு சொல்லும். திறந்தா இன்னொரு புள்ள வந்து எவன் திறந்ததுன்னு சட்டையைப் பிடிக்கும்." பேசிக்கொண்டே என் கைகளைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் பழைய இணைப்பு வழியா யாரோ திரும்பத் திரும்பத் தட்டியிருக்காங்க. விஷயம் தெரிஞ்ச கை. நீங்கதானே?"

கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"அதுல மறைக்கறதுக்கு என்ன மேடம் இருக்கு? நீங்க கேட்டிருக்கீங்களா?"

"உள்ள இருக்கறதை நான் யார்கிட்டயும் பேசறதில்லை."

"நான்தான் முழுசாக் கேட்டிருக்கேனே."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறீங்க? வாயைப் பிடுங்கவா?"

கீழே போய்ப் பூட்டுகளைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. திரைமேல் துண்டைப் போட்டார். நான் எழுந்தபின்தான் எழுந்தார். தன் அறையில் வெளியாளைத் தனியாக விடமாட்டார். "அண்ணன் சம்மதிக்கட்டும்மா. அன்னிக்கே திறந்துடறேன்." குரலில் இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. என்னை அவர் கவனிக்கவில்லை. வலது காலை மட்டும் உள்ளே வைத்தார். தரையை ஒருமுறை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகுதான் மற்றக் காலை எடுத்து உள்ளே வைத்தார்.