ஒரு கற்றை முடி

பாபநாசம் படித்துறையில் மொட்டையடிப்பது என் தொழில். தாயாரின் அஸ்தியோடு அன்று வந்தவர் சீரியலில் நடிப்பவர். பாடுவதிலும் பேர் வாங்கியவர். கை நெற்றி முடியைக் கோதிக்கொண்டே இருந்தது.

“உக்காருங்க அண்ணாச்சி” என்றேன்.

“மொட்டை போடக்கூடாதுங்காங்க வே. நேத்து எடுத்த சீனுக்கும் நாளைக்கு எடுக்கதுக்கும் முடி ஒண்ணுபோல இருக்கணுமாம். பின்னால ஒரு கத்தை மட்டும் பைய எடும்.”

எடுத்துக் கொடுத்தேன். அஸ்தியோடு சேர்த்து ஆற்றில் விட்டார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் அடையாளம் கண்டு, “ஒரு பாட்டுப் பாடுங்கண்ணே” என்றார்கள். ஈர வேட்டியோடு இரண்டு வரி பாடிவிட்டுப் படியேறினார்.

சில மாதம் கழித்து டிவியில் பார்த்தேன். கதையில் அவர் அம்மா செத்துப்போக, மொட்டைத் தலையோடு கதறிக்கொண்டிருந்தார்.

“என்னமா நடிக்காரு பாருங்க” என்றாள் என் மனைவி.