கண்ணாடிக்குள் இருந்தவன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பள்ளிக்கூடமும் நானும் ஆறாம் வகுப்போடு சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். பேனாவைப் பிடித்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். ஆனால் போன வாரம் கூட்டாளி ஒருவனிடம், "எங்க அத்தைக்குக் கல்யாணம் பண்ணி வச்சதே நான்தான்டா, அப்ப எனக்கு ஏழு வயசு" என்று சொல்லப்போக, அவன் குடித்த கோப்பி மூக்கில் ஏறும்வரை சிரித்தான். எழுதிக் காட்டினால்தான் நம்புவானாம். சரி, எழுதுகிறேன்.

அப்போது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. வீடு முழுக்க மிளகாய்த்தூள் மிதக்கும். தும்மாமல் ஒரு வாக்கியத்தை முடித்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை.

அத்தையைப் பெண் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. மாப்பிள்ளை ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்து வேலை. அவர்கள் வீட்டு முன்கூடத்தில் பெரிய நிலைக்கண்ணாடி இருக்கிறதாம். அந்த வரியைப் படித்ததிலிருந்து அப்பாவுக்கு எங்கள் கூடம் பிடிக்காமல் போயிற்று. முக்கியமாக, சுவரில் ஒரு பூசணிக்காய் அளவுக்குப் பரவியிருந்த ஈரக்கறை. அதன்மேல் காலண்டரை மாட்டிப் பார்த்தார். காலண்டரைச் சுற்றிக் கறை எட்டிப் பார்த்தது.

அதுவரை மாப்பிள்ளையைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அதை வெட்கம் என்றாள். அன்றுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

"ஒரு கண்ணாடி மாட்டுனா கறை மறைஞ்சிரும் அண்ணே. சுங்கை ரோட்டுல பழசு நல்லதா கெடைக்கும். நான் போய்ப் பார்த்துட்டு வரவா?"

துணைக்கு நான் வருகிறேன் என்று அக்கா எழுந்தாள். அக்கா வாய் பூட்டுப் போட்ட பெட்டி. என் வாயிலோ ஒரு ரகசியம் உலையில் போட்ட அரிசி வேகும்வரைகூடத் தங்காது. சந்து முழுக்கத் தெரியும். ஆனால் அத்தை என் கையைத்தான் பிடித்தாள். பாசம் என்றால் அது! அக்காவுக்கு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு மாடிப்படியில் இறங்கினேன்.

சுங்கை ரோட்டுச் சந்தை அன்று எனக்கு யாரோ பாதித் தூக்கத்தில் கண்ட கனவைத் தரையில் விரித்து வைத்தது போல இருந்தது. சாக்கு விரிப்புகளில், ஊது குழல் மட்டும் மிஞ்சிய கிராமபோன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டிய சுவர்க் கடிகாரங்கள். கப்பலில் இருந்த பித்தளை விளக்கு. நீலப்பூப் போட்ட சீனச் சாடி, அதற்குள் தூங்கிய ஒரு பூனை. விற்பவர்கள் யாரையும் கூவி அழைக்கவில்லை. கால்வாயிலிருந்து எழுந்த நாற்றம்கூட அவசரமில்லாமல் வந்தது.

அத்தை எதையும் பார்க்கவில்லை. நேராக ஒரு சீன முதலாளியின் கடைக்குப் போனாள். அங்கே வேலை செய்த நம் ஆள் ஒருவன், வெள்ளைச் சட்டை போட்டவன், ஒரு கண்ணாடியைத் துடைத்து முடித்து வைத்திருந்தான். எங்களுக்கு என்ன வேண்டும் என்பது சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. கெட்டிக்கார வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சிவப்புச் சாறு ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்றும் தயாராக இருந்தது.

கண்ணாடி என் உயரம். பாபா என்கிற உள்ளூர்ச் சீனக் குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம். சட்டமெல்லாம் செதுக்கிய மயில்கள், பாதிப் பொன் உதிர்ந்த கொண்டைகளோடு.

"ஓரத்துல கருப்பா இருக்கே" என்றாள் அத்தை.

"பழசுங்க. எத்தனை பேரு முகம் பார்த்திருப்பாங்க. அதுல ஒண்ணு ரெண்டு உள்ளயே தங்கியிருக்கும்."

"அப்ப உங்க முகம்?"

"அதுவும்தான்."

என் ஐஸ் உருண்டை முழங்கைவரை ஒழுகியது. நான் அதைத்தான் கவனித்தேன், அவன் முகத்தை அல்ல.

வீடு நடக்கிற தூரம்தான். ஆனால் கண்ணாடி இருக்கிறதே, ட்ரைஷாவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏறினோம். மழை வரும்போல் இருந்ததால் வண்டிக்காரர் பின்பக்கத் துணிக் கூண்டை இழுத்துவிட்டார். பக்கத்து ரோடு மேடு பள்ளம், கண்ணாடி உடைந்துவிடும் என்று அத்தை அவரைக் கடலோரமாகச் சுற்றிப் போகச் சொன்னாள். கண்ணாடியைப் பாதி கூண்டுக்கு வெளியே நீட்டும்படி தன் பக்கத்து விளிம்பில் சாய்த்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பயணம் வரும். கண்ணாடிக்குள் ஊர் பின்னோக்கி ஓடியது. நாங்கள் கடந்துவிட்ட மரங்கள் அதற்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையின் தூண்கள், மூங்கிலில் காயும் சட்டைகள், பிறகு திடீரென்று கடல். கப்பல்கள் மயில் கொண்டைகளுக்கு நடுவே மிதந்தன. மேகம் ஒன்று அத்தையின் மடியில் வந்து இறங்கியது. அதெல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு சின்னச் சைக்கிளில் ஒரு வெள்ளைச் சட்டை. அது பெரிதாகும், சிறிதாகும். போகவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கூண்டுத் துணிதான் இருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். அவன் இருந்தான்.

"அத்தை, இதுக்குள்ள ஒரு ஆளு."

"எங்கடா?"

"இங்க. சிரிக்கிறான்."

"எனக்கு யாரும் தெரியலையே" என்றாள் அத்தை, அவனைப் பார்த்துக்கொண்டே.

அப்படியென்றால் அவன் உள்ளேதான் இருக்கிறான். வேறு எப்படி?

கண்ணாடியைச் சுவரில் மாட்டினார்கள். கறை மறைந்தது. அப்பா அதன்முன் நின்று மீசையைத் தடவி, "இப்ப வரட்டும் அவங்க" என்றார்.

"உள்ளருந்து அந்த ஆளு எப்பப்பா வருவான்?" என்று கேட்டேன்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. வெள்ளைச் சட்டை, சைக்கிள், சிரிப்பு, எல்லாம் சொன்னேன். அத்தையும் சிரித்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. அப்பா அத்தையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வண்டியில வரும்போது எனக்கும் ஒரு மாதிரி சில்லுனுதான் இருந்துச்சு அண்ணே. செத்தவங்க வீட்டுச் சாமானோ என்னவோ."

அவ்வளவுதான். அப்பா எலுமிச்சம்பழம் வாங்கிக் குங்குமம் தடவி, கண்ணாடிக்குச் சுற்றி, பட்டப்பகலில் முச்சந்தியில் போட்டு மிதித்தார். கீழே மசாலா வாங்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நானே விளக்கம் கொடுத்தேன். மூன்றாம் பேரிடம் சொல்லும்போது ஆவிக்குக் கொம்பு முளைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பேச்சு கோலாலம்பூர் வரை போயிருக்க வேண்டும். அன்று ஆள் வரவில்லை, தந்தி வந்தது. நாள் சரியில்லையாம். அம்மா அழுதாள். அத்தை அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத் தொட அப்பா பயந்தார். அத்தையும் நானும்தான் மறுபடி போனோம். அன்றும் எனக்கு ஓர் ஐஸ் உருண்டை கிடைத்தது.

திரும்பும்போது கையில் கண்ணாடி இல்லை, ஆனாலும் அத்தை ட்ரைஷாவைத்தான் பிடித்தாள். அத்தை கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி நேராகவே பின்னால் பார்த்தாள். நானும் அவள் கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை சைக்கிளில் வந்துகொண்டிருந்தான்.

எனக்குப் பயமில்லை. பாவம், அவன் குடியிருந்த கண்ணாடியைக் கொடுத்துவிட்டோம். இப்போது போக்கிடமில்லாமல் எங்கள் பின்னால் வருகிறான். இதை அப்பாவிடம் சொன்னால் இன்னொரு எலுமிச்சம்பழம் வாங்குவார். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு விஷயத்தை வீட்டில் சொல்லாமல் விழுங்கினேன்.

அப்புறம் எங்கள் அத்தையைக் கேட்டு யாரும் வரவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வெள்ளைச் சட்டைக்காரன் தன் தாய்மாமனோடு மாடியேறி வந்தான். பழத்தட்டு, வெற்றிலை, துணி சுற்றிய பெரிய பொருள் ஒன்று. துணியை விலக்கினால் மயில் கொண்டைகள். ஓரத்துக் கருப்பு முழுக்கத் தேய்த்து எடுக்கப்பட்டிருந்தது.

"பின்னாடி இருந்த பழைய ரசத்தைச் சுரண்டிட்டுப் புதுசா பூசியிருக்கேங்க. உள்ள யாருமில்ல" என்றான் அப்பாவிடம்.

அப்பா வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு அவனை, பிறகு அத்தையை. "கோப்பி கொண்டா" என்று அம்மாவிடம் சொன்னார். எலுமிச்சம்பழம் மிதித்த அதே மனிதர், ஆவிக்குக் கோப்பி கொடுக்கிறார்! நான் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்கள். இவன் கால் பட்டது. பெருவிரலில் சைக்கிள் சங்கிலியின் எண்ணெய்க் கறைகூட இருந்தது. வெளியே வந்து நாலு மாதம் ஆகிறதே, கால் முளைத்திருக்கும் என்று முடிவு செய்தேன். அத்தை இனி இவனோடு போய்விடுவாள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

இதுதான் நான் செய்துவைத்த கல்யாணம். எழுதியதைக் கூட்டாளியிடம் கொடுத்தேன். படித்து முடித்துத் தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினான்.

"டேய் மடையா, நீ வீட்டுல போய் உளறுவேன்னுதானடா அக்காவ விட்டுட்டு உன்னக் கூட்டிட்டுப் போனாங்க லா."