எடித்தின் ஸ்டேசனும் ஒரு தண்டவாளத் துண்டும்

மன்னார்த் தீவில் ஒரு சின்ன ரயில் நிலையம். வெளியூர்க்காரர் அதைக் கண்டால், "இதிலையும் கோச்சி நிக்குதோ?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எடித்திடம் கேட்டுப் பாருங்கள், உலகத்திலேயே வடிவான ஸ்டேசன் இதுதான் என்று மாதா மேல் சத்தியம் பண்ணுவாள். அங்கே கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு.

முருகைக்கல்லால் கட்டிய பழைய சுவர், வளைவு வைத்த ஜன்னல்கள், எத்தனையோ பேரின் முழங்கை பட்டு வழுவழுத்துப்போன ரிக்கற் பலகை. சண்டைக் காலத்தில் கூரை போயிற்று, தண்டவாளம் போயிற்று, சுவர் மட்டும் அசையவில்லை. பாதை திரும்பப் போட்டபோது யாரோ புண்ணியவான் அதை இடிக்காமல் அதன்மேலேயே கூரை போட்டுவிட்டான். வெயில் ஏறினால் தீவுக் கழுதைகள் மேடை நிழலில் வந்து படுக்கும். எடித் தும்புத்தடியோடு போய், "எழும்புங்கோ ஐயாமாரே, ரிக்கற் எடுத்தனீங்களோ?" என்று கேட்பாள்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆறு வயதில், இராமேஸ்வரத்துக்குப் படகு கிடைக்கும்வரை தாயோடு மூன்று நாள் அந்த ரிக்கற் அறைக்குள் இருந்தவள் அவள். வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. "இந்தக் கல்லு இல்லாட்டி நான் இல்லை. அந்த நன்றிக்குத்தான் கூட்டுறன்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

ஊர் இருப்பது தெற்கே, கடற்கரையில். ஸ்டேசனுக்குப் பத்து நிமிட நடை. அந்த ஊர்ச்சனம் மணிக்கூடு பார்த்து வெளிக்கிடுவதில்லை. முந்தின ஸ்டேசனில் கோச்சி ஊதுவது காதில் விழுந்ததும் பையைத் தூக்குவார்கள், வந்து சேரச் சரியாக இருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்கினால்தான் வில்லங்கம். கடற்காற்று அந்தச் சத்தத்தை அப்படியே வடக்கே அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் எடித், வாசல் பூவரசில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் நாலு அடி அடிப்பாள். கிட்டத்துச் சத்தமென்றபடியால் அது ஊருக்குக் கேட்கும். யாரும் சொல்லி அடித்ததில்லை.

இந்த ஆனியில் புது ஸ்டேசன் மாஸ்ரர் வந்தார். உயிலங்குளத்துப் பிள்ளை, யசோதரன் என்று பெயர்.

"அக்கா, இஞ்சை ஒலிபெருக்கி இருக்கு. இனி உதை அடியாதேங்கோ."

"தம்பி, ஒலிபெருக்கி மேடைக்குத்தானே கேக்கும். சனம் ஊரிலையெல்லோ நிக்குது? சோளகத்துக்குக் கோச்சி ஊதுறது கேளாது."

"ஏன், சனத்திட்டை மணிக்கூடு இல்லையோ?"

எடித் கம்பியைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அந்தக் கிழமை இரண்டு பேர் கோச்சியைத் தவறவிட்டார்கள்.

அடுத்த கிழமை எடித்தின் முறை. அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு பழுது. கொழும்பில் ஒப்பரேசனுக்கு எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி அது. தவறினால் அடுத்தது எப்போதென்று டொக்டருக்கே தெரியாது. முதல்நாளே யசோதரனிடம் ரிக்கற் எடுத்து வைத்தாள்.

காலையில் சீலை உடுத்து, பையை வீட்டுப் படியில் வைத்துவிட்டுக் குந்தியிருந்தாள். புருசன் மில்ரன் சைக்கிளோடு நின்றான்.

"வெளிக்கிடுவமோ?"

"பொறுங்கோ. இன்னும் ஊதேல்லை."

பாருங்கள் கூத்தை! பத்து வருசமாகக் கோச்சியை ஸ்டேசனில் நின்று வரவேற்றவள் வீட்டிலிருந்து ஒருநாளும் கோச்சிக்குப் போனதில்லை. ஊருக்கே சோளகத்தை நினைவுபடுத்தியவள் தன் முறை வந்தபோது அதை மறந்துபோனாள். முற்றத்து மணல் பறக்க, அலை இரைய, இருவரும் கோச்சி ஊதுமென்று காத்திருந்தார்கள்.

அப்போதுதான் கேட்டது. டாங். டாங். நாலு அடித்தும் நிற்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று தாறுமாறாக, பழக்கமில்லாத கை.

"ஐயோ மாதாவே, சோளகமெல்லோ!"

மில்ரன் அவளைக் கரியரில் ஏற்றி மிதித்தான். வழி முழுக்க அந்தச் சத்தம் ஓயவில்லை. ஸ்டேசன் வாசலுக்கு வந்தபோது கோச்சி மேடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பூவரசின் கீழே யசோதரன், சேட்டு வியர்வையில் தோய, இன்னும் அடித்துக்கொண்டிருந்தான்.

எடித்துக்குக் கண் கலங்கியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, நாலுதான் அடிக்கிறது."

"எனக்கெங்கை தெரியும் அக்கா?" அவன் மூச்சு வாங்கினான். "நீங்கள் வாறவரைக்கும் அடிப்பம் எண்டு நினைச்சன்."

அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கோடி புண்ணியம் ராசா" என்றாள். மில்ரன்தான் அவளைப் பெட்டிக்குள் ஏற்றினான்.

கோச்சி நகர்ந்தபோது ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். யசோதரன் கம்பியைக் கதவுக்குப் பின்னால் வைக்கவில்லை. பூவரசங் கொப்பில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கொழுவிவிட்டு, மேடையில் படுத்திருந்த கழுதைகளை எழுப்பப் போய்க்கொண்டிருந்தான்.